ஓட்டிப் பார்க்காத சைக்கிள்

வலது முட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது சைஃபின் கை நின்றுவிட்டது.

"ஊத்து தம்பி. நடுவுல நிறுத்தாத" என்றார் மோதினார். பள்ளிவாசலில் ஐந்து வேளையும் பாங்கு சொல்கிறவர் அவர். மய்யித்தை, இறந்தவர் உடலை, குளிப்பாட்டுவதிலும் அந்தப் பேட்டையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சைஃப் சொம்பைச் சாய்த்தான். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர். அத்தாவின் இடுப்பிலிருந்து முட்டிக்குக் கீழே வரை போர்த்தியிருந்த துணி நனைந்து ஒட்டிக்கொண்டதில், வலது முட்டி மட்டும் தனியாகப் புடைத்துத் தெரிந்தது. பதினெட்டு வருஷமாக மடங்காத முட்டி. விடியற்காலையில், பாங்கு முடிகிற நேரத்தில், அத்தா ஹபீபுர் ரஹ்மான் போய்ச் சேர்ந்த பிறகும் அது மடங்கவில்லை. கட்டிலிலிருந்து குளிப்பாட்டுகிற பலகைக்கு மாற்றும்போது, அந்தக் காலை மட்டும் ஒருவர் தனியாக நீட்டினபடியே தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"அவருக்கு இனிமே வலிக்காது. பயப்படாம ஊத்து."

சைஃபுக்கு அந்த முட்டியைப் பற்றிக் கவலை இல்லை. தன் முட்டிகளைப் பற்றித்தான். நாற்பத்திரண்டு வயதாகியும் ஒரு கீறல் இல்லாமல், கண்ணாடி பீரோவுக்குள் வைத்து வளர்த்த மாதிரி இருந்தன இரண்டும். நேற்று இரவு அவற்றில் தேய்த்த தைலம் இன்னும் மணந்துகொண்டிருந்தது. அத்தாவுக்கு ஊற்றக் கரைத்து வைத்திருந்த கற்பூரத் தண்ணீரையும் மீறி மணந்தது.

அந்தத் தைலத்துக்கு ஒரு கதை உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் சைக்கிளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1952-ல், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், ஹபீபுர் ரஹ்மான் சைக்கிள் பூட்ட ஆரம்பித்தார். அங்கங்கே வாங்கிய சாமான்கள்தாம். பூட்டுவது அவர். பெயர் 'மெரினா'. ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்தில், பித்தளையில் இரண்டு அலை. மாதத்துக்கு இருபது வண்டிக்கு மேல் பூட்ட மாட்டார். காரணம், பூட்டின ஒவ்வொரு வண்டியிலும் அவரே ஏறி, கச்சேரி ரோட்டோடு போய், சாந்தோமைத் தாண்டி, கடல் கண்ணில் படும் வரை ஓட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து திருப்தியாக இருந்தால்தான் பித்தளை அலையை வைத்து அடிப்பார். இல்லையென்றால் வண்டி மறுபடியும் அக்கக்காகக் கழன்றுவிடும். இதை ஒரு நோட்டீஸாகவே அச்சடித்து வைத்திருந்தார்: 'நான் கடல் வரை ஓட்டிப் பார்க்காத ஒரு சைக்கிளும் இந்தப் பெயரில் வெளியே போகாது.' கீழே அவருடைய கையெழுத்து.

1981-ல் அப்படி ஓட்டிப் பார்க்கப் போனபோதுதான், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி விழுந்து முட்டி நொறுங்கியது. சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் பெருமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் கொட்டகையை மூடிவிட்டார். லூதியானாவிலிருந்து ஒரு பார்ட்டி பெயரை மட்டும் விலைக்குக் கேட்டது. தி.நகர்க் கடைக்காரர் ஒருவர் இரண்டு தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போனார். அத்தா இருவருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "ஓட்டிப் பாக்க முடியாதவன் என்னாத்துக்குப் பேர ஒட்டணும்?"

சைஃப் வேறு ரகம். அவன் கை வைத்த தொழில்களை வரிசையாகச் சொன்னால், நம் நாட்டில் எந்தெந்தத் தொழில் எப்போது படுத்தது என்று தெரிந்துகொள்ளலாம். எஸ்.டி.டி. பூத் வைத்தான், தெருவுக்கு நாலு பூத் வந்தது. தேக்கு மரத் திட்டத்தில் ஆள் சேர்த்தான். மரத்தையும் காணோம், திட்டத்தையும் காணோம். பேஜர் ஏஜென்சி எடுத்த மாதம்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர் செல்போனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். "என் ராசி அப்படி. நான் கொடை வாங்கினா மெட்ராஸ்ல மழையே பெய்யாது" என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சிரிக்கிற அந்த நேரத்தில் அத்தா மட்டும் அவன் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அந்த ராசியோடுதான் இந்த வருஷம், 1999-ல், இன்டர்நெட்டில் இறங்கினான். கூட்டாளி பரத்வாஜ், காலேஜ் தோழன். ஆழ்வார்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஒரு டெலிபோன் லைன். யோசனை பரத்வாஜுடையது.

"செத்துப்போன பேருக்குத்தான் மச்சி இன்னிக்கு வேல்யூ. புதுசா ஒரு பேர் வெச்சா, அத ஜனங்க நம்பறதுக்கே பத்து வருஷம் ஆகும். பழைய பேர்ல நம்பிக்க ஓசியா வருது. அமெரிக்கால ஒக்காந்துண்டு இருக்கானே, அவனுக்கு அப்பா ஓட்டின சைக்கிள் பேரக் கேட்டா கண்ணு கலங்கிடும். கலங்கின கண்ணோட கிரெடிட் கார்ட எடுப்பான் பாரு."

பெயர்தான் செத்திருந்தது. பெயருக்குச் சொந்தக்காரர், பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து, கட்டிலில் படுத்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சைஃப் போய்க் கேட்டான். அத்தா பேப்பரை மார்பில் கவிழ்த்து வைத்தார். பையன் கேட்டு இதுவரை எதற்கும் சரி என்று சொன்னதில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ.

"ஓட்டிப் பாத்துக் குடுப்பியா?"

"குடுப்பேன் அத்தா."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம."

"அப்போ எடுத்துக்க."

அவ்வளவுதான் ஒப்பந்தம்.

லூதியானாவிலிருந்து அட்டைப் பெட்டியில் சைக்கிள்கள் வந்தன. அதே தொழிற்சாலை அதே வண்டியை இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கு வேறு வேறு பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தது. பித்தளைக்குப் பதில் அலை போட்ட ஸ்டிக்கர். பரத்வாஜ் அந்தப் பழைய நோட்டீஸை அத்தாவின் இளவயதுப் போட்டோவுக்குக் கீழே சேர்த்து, கையெழுத்தோடு அப்படியே வெப்சைட்டில் ஏற்றிவிட்டான்.

சைஃப் முதல் சைக்கிளை நிஜமாகவே ஓட்டினான். அதை மறைக்கக் கூடாது. கச்சேரி ரோடு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய், மூச்சு வாங்கி, வாசலில் நின்ற கான்ஸ்டபிள் "இன்னா சார், நெஞ்சு வலியா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகி, வண்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினான். கடல் அந்தப் பக்கம் இருந்தது. அதற்குப் பிறகு வந்த எந்த வண்டியையும் ஓட்டவில்லை. பெட்டியைப் பிரித்து, ஸ்டிக்கரை ஒட்டி, பெட்டியை மூடுவதே பெரிய வேலையாக இருந்தது.

ஆனால் தினமும் சாயங்காலம் அத்தா கேட்பார்: "இன்னிக்கு எத்தன ஓட்டின?"

"ரெண்டு, அத்தா."

"கடல் எப்படி இருந்திச்சு?"

"நல்லா இருந்திச்சு."

போன ஞாயிற்றுக்கிழமை "மூணு" என்று சொல்லிவிட்டான். ஒன்று கூடச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தான். அத்தா நல்லாயிருந்த வலது கையால் அம்மாவைக் கூப்பிட்டார். "ஷாகிரா, அந்தத் தைலத்த எடுத்துட்டு வந்து இவன் முட்டில தேய்ச்சி வுடு. ஒரே நாள்ல மூணு ஓட்டிருக்கான். முட்டிய இப்பவே பாத்துக்கணும்."

சைஃப் லுங்கியை முட்டிக்கு மேல் ஏற்றிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். அம்மா முட்டியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தேய்த்தாள். அத்தா பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு நாள், நாலு இரவு. நேற்றும் தேய்த்தாள். ஆகாத வலிக்கு வைத்தியம் செய்துகொள்வது எவ்வளவு வலிக்கும் என்று எந்த டாக்டரைக் கேட்பது?

அத்தாவைச் சுற்றிய வெள்ளைக் கஃபன் துணியை மடித்து முடிச்சுப் போட்டுவிட்டு மோதினார் எழுந்தார். மணி பதினொன்று. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று முடிவாகியிருந்தது.

சந்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தொப்பி போட்ட ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதித்து, கையில் குடையும் ஒரு தாளுமாக ஒரு பெரியவர் வந்தார். வேட்டி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம். நாற்காலி வரிசையை ஒரு தடவை பார்த்தார். வாசலில் நின்ற சைஃபைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இத்தன பேரா புக் பண்ணியிருக்கா? நான் எத்தனாவது?"

சைஃபுக்குப் புரியவில்லை. பெரியவர் தாளை நீட்டினார். அவனுடைய வெப்சைட்டின் பக்கம்தான்.

"நான் ராஜகோபாலன். மேல மாடவீதி. என் பையன் சாய்சரண் அமெரிக்காலேர்ந்து பதிவு பண்ணியிருக்கான், இங்க எங்களோட இருக்கற பேத்தி ஹம்சினிக்கு. வியாழக்கிழம வந்து எடுத்துக்கச் சொல்லி உங்க ஆபீஸ்லேர்ந்து போன் வந்தது. பாயே ஓட்டிப் பாத்துக் குடுக்கறார்னு இதுல போட்டிருக்கு, அதான் நேரா பாய் ஆத்துக்கே வந்துட்டேன். இந்த வயசுலயும்! நான் ஆத்துல எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன். அவர்ட்ட நான் அறுபத்தொண்ணுல வண்டி வாங்கினவன். உள்ள இருக்காரா?"

"உள்ளதான் இருக்காரு" என்றான் சைஃப். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பெரியவர் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஊதுபத்திப் புகை, வெள்ளைத் துணி, தலைமாட்டில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த இரண்டு பேர். குடை அவர் கையிலிருந்து நழுவிச் சுவரில் சாய்ந்தது.

"பெருமாளே. நான் என்னமா உளறிட்டேன். மன்னிச்சுக்கோப்பா."

"பரவால்ல சார். உக்காருங்க."

அவர் போய்விடுவார் என்று சைஃப் எதிர்பார்த்தான். அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தாளை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் காட்டி அவனைக் கூப்பிட்டார்.

"இந்த நேரத்துல கேக்கப்படாது. இருந்தாலும் கேட்டுடறேன். ஹம்சினியோட வண்டிய அவர் என்னிக்கு ஓட்டினார்?"

சைஃப் பக்கத்து நாற்காலியை நேராக நகர்த்திப் போட்டான்.

"அவர் கடைசியா ஓட்டினது அந்த வண்டியா இருந்துட்டா? அதான் கேட்டேன். முப்பத்தோரு வருஷம் நான் அவர் வண்டிலதான் ஆபீஸ் போனேன். ஒரு நாள் காலை வாரினது கெடையாது. அந்த மனுஷன் கடைசியா தொட்டது எங்காத்துக்கு வருதுன்னா, குழந்தைகிட்ட அதச் சொல்லித்தான் குடுக்கணும்."

"சொல்றேன் சார்" என்றான் சைஃப். வீட்டுக்குள் யாரோ கூப்பிட்டார்கள். உண்மையில் யாரும் கூப்பிடவில்லை.

உள்ளே அத்தாவின் தங்கை கைசர் ஜஹான் மாமி, பெண்களுக்கு நடுவில் அழுகைக்கு இடைவெளி விட்டுப் பேசிக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் யாருகிட்டயும் கை நீட்டுனதில்ல. ஒரு வாக்கு குடுத்து மீறுனதில்ல. கடன் உள்ளவனோட ரூஹுதான் மேல போவ முடியாம தொங்கிக்கினு நிக்கும். இவருக்கு இன்னா? நேரா போயிரும், பாருங்க." பெண்கள் ஆமீன் சொன்னார்கள். சைஃப் கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்து முட்டிகளைச் சோப்புப் போட்டுக் கழுவினான். தைல வாசனை கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

அசர் தொழுகை முடிந்து, மய்யித்தைச் சுமந்து வந்த சந்தூக்கைப் பள்ளிவாசலின் முன்பக்கத்தில் இறக்கி வைத்தார்கள். வரிசைகள் நின்றன. வெளித் தாழ்வாரத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பரத்வாஜ் நின்றான். அவனுக்குப் பக்கத்தில் குடையோடு ராஜகோபாலன்.

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகன் நின்று சொல்ல வேண்டிய வார்த்தைகள் உண்டு. எல்லா மகன்களும் சொல்வதுதான். தொழ வைக்க முன்னால் நின்ற ஹஜ்ரத் தலையை அசைத்தார். சைஃப் திரும்பி நின்றான்.

"எங்க அத்தா யாருக்காச்சும் எதாச்சும் குடுக்க வேண்டியது இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. அதுக்கு இனிமே நான் பொறுப்பு. யாரு மனசயாச்சும் நோகடிச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

 கேட்பதற்கு ஒரு கடனும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஹபீபுர் ரஹ்மான் ஒரு பீடிக்குத் தீப்பெட்டி வாங்கினால்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் முதல் புகையை இழுப்பார். ஹஜ்ரத் தொழுகைக்குக் கையை உயர்த்தப் போனார். சைஃப் நகர்ந்து வரிசையில் சேர்ந்துகொள்ள வேண்டும். அவன் நகரவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் சைக்கிள் விளம்பரம். நாற்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் தொட்ட ஒன்று ஓடுகிறது. வாயை மூடிக்கொண்டு இரண்டு அடி பின்னால் எடுத்து வைத்தால் போதும்.

"ஒண்ணு இருக்கு" என்றான்.

ஹஜ்ரத் கையை இறக்கினார்.

"அத்தா பேர்ல ஒரு வாக்கு பாக்கி கீது. அத அவரு குடுக்கல. அவரு பேர்ல நான் குடுத்தது. அவரு ஓட்டிப் பாத்ததுன்னு சொல்லி இருபத்தாறு பேருக்கு சைக்கிள் அனுப்பிருக்கேன். அவரு ஓட்டல. அவரால எழுந்திருக்கவே முடியல, உங்களுக்கே தெரியும். நான் ஓட்டிப் பாத்துத் தரேன்னு அவருகிட்ட சொல்லிருந்தேன். நானும் ஓட்டல. தெனம் ஓட்டினேன்னு அவருகிட்ட பொய் சொன்னேன்."

நடுவரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார். மின்விசிறி கடகடத்தது. அழுதுவிடுவோமோ என்று சைஃப் பயந்தான். அழுதால் அத்தாவுக்காக அழுவதாக நினைத்து எல்லாரும் மன்னித்துவிடுவார்கள். அது வேண்டாமென்று இருந்தது.

ஹஜ்ரத் வயதில் அவனைவிடச் சின்னவர். சைஃபின் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது உங்க கடன். அவரோடது இல்ல. ஆனா அவரு பேர்ல நிக்குது. தாமதிக்காதீங்க." பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வரிசைய நேராக்குங்க" என்றார்.

அடக்கம் முடிந்தது. மூன்று கைப்பிடி மண் போட்டான். ஈர மண், விரல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு முழுதாக விழவில்லை. கபர்ஸ்தானை விட்டு வெளியே வந்தபோது வாசலில் ராஜகோபாலன் நின்றிருந்தார்.

"சார், உங்க வண்டி…"

"இருப்பா." அவர் அவனை ஏறிட்டுப் பார்க்காமல் குடையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வண்டில குத்தம் இருக்குன்னு நான் சொல்லலை. எல்லாக் குழந்தைகளும் இப்ப அந்த மாதிரி வண்டிலதான் போறது. ஹம்சினியும் போகட்டும். ஆனா அந்தப் பேரச் சுரண்டி எடுத்துட்டுக் குடு. பேர் இல்லாம குடு. தெரிஞ்சுதா?"

"சரி சார்."

"உங்கப்பா விழுந்தாரே, எண்பத்தொண்ணுல, அப்ப ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேன். என் கையப் பிடிச்சுண்டு, வண்டிக்கு ஒண்ணும் ஆகல சார், வண்டிக்கு ஒண்ணும் ஆகலைன்னார். நான் வந்தது அவரப் பாக்க. அவர் என்கிட்ட வண்டியப் பத்திப் பேசறார்." சட்டென்று குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அப்போது மழை பெய்யவில்லை.

வீட்டில் அம்மா உள்ளறையில் வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் போனவள் இருக்க வேண்டிய இத்தா; இனி நாலு மாதமும் பத்து நாளும் அவளுக்கு வாசல்படி கிடையாது. சைஃப் நிலையில் சாய்ந்து நின்றான்.

"பள்ளில பேசினியாமே" என்றாள் அம்மா. பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு ஆள் வரும் முன்பே செய்தி வந்துவிடும்.

"உம்."

"சாப்புட்டியா?"

"உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"நாலு நாளு முட்டியத் தேய்ச்சிருக்கேன். இருவத்தொம்போது வருஷம் உங்கத்தா முட்டியத் தேய்ச்சிருக்கேன். ஓட்டுன முட்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

சைஃப் நிலையிலிருந்து நிமிர்ந்தான். "அத்தாவுக்கு?"

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் கைசர் ஜஹான் மாமி தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

"நேத்து நீ எழுந்து போனப்புறம் சொன்னாரு. நாளைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ன்னாரு."

"அப்படின்னா?"

"அவ்ளதான் சொன்னாரு. நீ போயி அந்த வேலய முடிச்சிட்டு வந்து சாப்புடு."

ஆழ்வார்பேட்டைக்குப் பரத்வாஜின் ஸ்கூட்டரில் போனார்கள். லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றபோதுதான் பரத்வாஜ் வாயைத் திறந்தான்.

"இன்னிக்கேவா மச்சி? அப்பாவ இப்பத்தானே வெச்சுட்டு வரோம்."

"இன்னிக்கேதான்."

"அந்த நோட்டீஸ எடுத்துடறேன். போட்டோவ எடுத்துடறேன். அது நான் பண்ணின தப்பு, ஒத்துக்கறேன். பேர எதுக்குடா எடுக்கணும்? ஞாயித்துக்கெழம விளம்பரம் வருது. பேரே இல்லாம என்னத்தடா விக்கறது?"

"சைக்கிள விப்போம்."

"யார் வாங்குவா?"

"தெரியல. நான் தொட்டா வாங்க மாட்டாங்கதான். அது என்ன புதுசா?"

பரத்வாஜ் சிரித்துவிட்டான். உடனே, சிரித்திருக்கக் கூடாதோ என்று கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சைஃபும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பச்சை விழுந்து, பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது.

அறையில் மழையின் ஈர வாடை. ஸ்டிக்கர் ஒட்டிய சைக்கிள்கள் சுவரோரம் பெட்டியில் நின்றன. பரத்வாஜ் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டான். சைஃப் ஒரு தாளை எடுத்து இருபத்தாறு பேருக்கும் அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதினான். மூன்று தடவை கிழித்தான். கடைசியில் மூன்றே வரி நின்றது: இந்தச் சைக்கிளை என் தகப்பனார் ஓட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அதை பரத்வாஜிடம் கொடுத்தான். பரத்வாஜ் படித்தான். திருத்துவான் என்று சைஃப் காத்திருந்தான். அவன் அதை இங்கிலீஷில் டைப் அடிக்க ஆரம்பித்தான். இருபத்தாறு பேருக்கும் அது இ-மெயிலில் போய்ச் சேர ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது.

"இப்போ பக்கத்தத் தொறக்கறேன். பாத்துட்டு, ஒவ்வொண்ணா எடுத்துடலாம்."

டெலிபோன் லைன் கிறீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. முதலில் எழுத்துகள் வந்தன. பிறகு போட்டோ, மேலிருந்து, விரற்கடை விரற்கடையாக. கறுப்பு வெள்ளையில் ஒரு வானம். தொப்பியின் விளிம்பு. தொப்பி. நெற்றி வந்தது. அதற்கே ஒரு நிமிஷம் ஆயிற்று. இருபத்தெட்டு வயது அத்தாவின் புருவம் வந்தது. சூரியனைப் பார்த்துச் சுருக்கின கண்கள் வந்தன. மூக்கு பாதி வந்துகொண்டிருந்தபோது படம் அப்படியே நின்றது.

"மாடில எவனோ போன எடுத்துட்டான்" என்றான் பரத்வாஜ். "ரெண்டு பேருக்கும் ஒரே லைன்டா. பரவால்ல மச்சி, போட்டோவ முழுசா வரவழைக்கணும்னு அவசியம் இல்ல. ஃபைல் பேர் எனக்குத் தெரியும். பாக்காமலே அழிச்சுடலாம். ஒரு செகண்ட் வேல."

சைஃப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழிச்சுடட்டுமா?"

"இல்ல. திருப்பி முதல்லேர்ந்து போடு."

பரத்வாஜ் அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். மறுபடியும் டயல் செய்தான். லைன் கிடைத்து, வெறும் வானம் திரையில் இறங்க ஆரம்பித்ததும், சத்தம் செய்யாமல் எழுந்து நாற்காலியைச் சைஃபின் பக்கம் தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மாடிக்குப் போனான். அரை மணி நேரம் யாரும் போனை எடுக்க வேண்டாம் என்று சொல்வதற்காக.